பதினைந்தாயிரத்துக்குள் பல் கம்பியும் அடங்குமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

பிரிந்து வாழும் பெற்றோர், மாதந்தோறும் கைமாறும் பராமரிப்புத் தொகைக்கு மேல் பிள்ளைகளுக்காக ஆகும் செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தந்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வருவது நல்லது.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, நான் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணிபுரிகிறேன். 2021-இல் நானும் என் கணவரும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துப் பெற்றோம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளும் ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனும் என்னுடன் இருக்கிறார்கள். "பிள்ளைகளின் பராமரிப்புக்காகத் தந்தை மாதம் 15,000 ரூபாய் செலுத்த வேண்டும், கல்வி மற்றும் இதர செலவுகளை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்" என்று கூட்டு மனுவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதினைந்தாயிரத்தை அவர் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. ஆனால் சென்ற ஆண்டு மகனுக்குப் பல் கம்பி கட்ட 42,000 ரூபாய் ஆனது. இந்த ஆண்டு மகளை நீட் பயிற்சியில் சேர்க்க 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டுக்கும் அவர் சொல்லும் பதில், "எல்லாம் அந்தப் பதினைந்தாயிரத்துக்குள் அடங்கும்" என்பதுதான். என் சம்பளம் 38,000 ரூபாய். சென்னையில் அவருக்கு 95,000 ரூபாய். அவர் சொல்வது சட்டப்படி சரியா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

சகோதரி, உங்கள் சிக்கலுக்குக் காரணம் உங்கள் முன்னாள் கணவர் என்பதைவிட அந்தக் கூட்டு மனுவின் கடைசி வரி என்றே சொல்வேன். "பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்" என்ற வரியை எத்தனையோ மனுக்களில் பார்த்திருக்கிறேன். தொழிலின் தொடக்க காலத்தில் நானே எழுதியும் இருக்கிறேன். பேச்சு முறிந்ததால் நீதிமன்றத்துக்கு வந்த இருவரிடம், இனி வரும் செலவையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவதில் உள்ள அபத்தம், அவர்கள் சில ஆண்டுகளில் பள்ளி ரசீதோடு திரும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தொகை, பங்கு, கெடு ஆகிய மூன்றில் எதுவும் இல்லாத அந்த வரியை வைத்துக்கொண்டு நிறைவேற்று மனு, அதாவது உத்தரவை அமல்படுத்தக் கோரும் மனு, தாக்கல் செய்தால் பெரிதாகப் பயன் இராது. தீர்ப்பாணையில் எழுதப்படாத ஒன்றை நிறைவேற்றும் நீதிமன்றம் தானாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

அவருடைய வாதத்தை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்ற சொல்லுக்குள் உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் ஆகிய அனைத்தையும் அடக்குகிறது. அப்படியிருக்க, "கல்விக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்துத்தானே மாதம் தருகிறேன்" என்று ஒருவர் கேட்டால் அது வெறும் பிடிவாதம் ஆகிவிடாது. ஆனால் அந்த விளக்கம் பெற்றோரின் கடமை எவ்வளவு விரிந்தது என்பதைத்தான் சொல்கிறது; 2021-இல் குறித்த ஒரு தொகையோடு அந்தக் கடமை தீர்ந்துவிட்டதாக எங்கும் சொல்லவில்லை. மேலும், உங்கள் மனுவே பராமரிப்புக்கு ஒரு வரியும் 'கல்வி மற்றும் இதர செலவுகள்' என்பதற்குத் தனியாக இன்னொரு வரியும் வைத்திருக்கிறது. எல்லாமே பதினைந்தாயிரத்துக்குள் அடங்குமென்றால் அந்த இரண்டாவது வரிக்கு வேலையே இல்லை. நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் வாதத்தை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்து, உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வழங்கிய தீர்ப்பு. பராமரிப்பு வழக்குகள் எப்படி நடக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் வழிகாட்டும் அந்தத் தீர்ப்பில் பிள்ளைகளின் செலவு பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு. அடிப்படைக் கல்விக்குத் துணையாக அமையும் தனிப் பயிற்சி வகுப்புகளையும் தொழிற்பயிற்சியையும் பராமரிப்பை நிர்ணயிக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டும் என்றும், அந்தத் தொகை நியாயமானதாக இருக்க வேண்டுமே தவிர ஆடம்பரமாக இருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. கல்விச் செலவைச் சாதாரணமாகத் தந்தையே ஏற்க வேண்டும் என்றும், தாயும் போதுமான அளவு சம்பாதிப்பவரானால் இருவரும் வருமான விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்றும் அதே பகுதி கூறுகிறது. உங்கள் மகளின் பயிற்சிக் கட்டணத்துக்கு இதைவிட நேரடியான பதில் தேவையில்லை.

விகிதப்படி பகிர்வது 2020-இல் புதிதாக வந்த சிந்தனையும் இல்லை. பத்மஜா சர்மா எதிர் ரத்தன் லால் சர்மா வழக்கில், தாய் தந்தை இருவருமே வேலையில் இருந்ததால், பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு இருவருக்கும் உண்டு என்று கூறிய உச்ச நீதிமன்றம், தந்தைக்கு இரண்டு பங்கும் தாய்க்கு ஒரு பங்குமாக 2000-ஆம் ஆண்டிலேயே பிரித்துக் கொடுத்தது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 95,000-க்கும் 38,000-க்கும் உள்ள விகிதம் சரியாக ஐந்துக்கு இரண்டு. அதன்படி நீட் பயிற்சிக்கான 1,40,000 ரூபாயில் அவருடைய பங்கு ஒரு லட்சம், உங்களுடையது நாற்பதாயிரம். பல் கம்பிக்கான 42,000 ரூபாயில் அவருக்கு முப்பதாயிரம், உங்களுக்குப் பன்னிரண்டாயிரம். இப்படி எண்ணாக எழுதிக் காட்டும்போது, "எல்லாவற்றையும் என் தலையில் கட்டப் பார்க்கிறாய்" என்று சொல்வதற்கு அவருக்கும் இடம் இருக்காது.

நம் நாட்டில் இதற்கென்று அட்டவணை எதுவும் கிடையாது. கனடாவில் 1997 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சி அரசின் பிள்ளைப் பராமரிப்பு விதிகள், வருமானத்துக்கு ஏற்ற மாதத் தொகையை அட்டவணையாகவே தந்துவிட்டு, ஏழாம் பிரிவில் 'சிறப்புச் செலவுகள்' என்று இன்னொரு வகையைத் தனியாக நிறுத்துகின்றன. குழந்தைக் காப்பகம், காப்பீடு ஈடு செய்யாத மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம் போன்றவை அதில் வருகின்றன. அவசியமா, குடும்பத்தின் வசதிக்கு ஏற்றதா என்று பார்த்துவிட்டு வருமான விகிதப்படி பிரிக்கிறார்கள். அங்கும் சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்பதாவது இருவருக்கும் தெரிந்திருக்கும். நமக்கு அட்டவணை இல்லாததால், அந்தக் கோட்டை நாமே ஒப்பந்தத்தில் கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். அரிசி பருப்பு, வீட்டு வாடகையில் பிள்ளைகளின் பங்கு, அன்றாட உடுப்பு, பள்ளி வேன், நோட்டுப் புத்தகம், சளி காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது, தீபாவளித் துணி ஆகியவை மாதத் தொகைக்குள்ளேயே இருக்க வேண்டியவை. முடி வெட்டிய காசுக்கும் பென்சில் டப்பாவுக்கும் பாதி கேட்டு அனுப்பிய செய்திகளை நான் வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். அவை கேட்பவருடைய நியாயமான கோரிக்கைகளையும் சேர்த்தே பலவீனமாக்கிவிடுகின்றன. பள்ளிக் கட்டணம் ஆண்டுதோறும் வரும், ஆனால் மொத்தமாக வரும், ஏறிக்கொண்டும் போகும். எனவே அதை மாதத் தொகையில் கரைக்காமல் விகிதப்படி தனியே வைப்பதே நல்லது. அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சை, பல் கம்பி, கண்ணாடி ஆகியவை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் பகிரப்பட வேண்டியவை. தகவல் மட்டும் உடனே போய்ச் சேர வேண்டும். பயிற்சி வகுப்பு, நடனம், நீச்சல், சுற்றுலா போன்றவை விருப்பத்தின் பேரில் வருபவை. சேர்ப்பதற்கு முன் இன்னொருவரைக் கேட்டே ஆக வேண்டிய வகை இது ஒன்றுதான், பெரும்பாலான சண்டைகள் பிறப்பதும் இதில்தான்.

கம்பி கட்டுவதற்கு முன் அவருக்கு நீங்கள் தெரிவித்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தெரிவித்திருந்தால் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் பல் மருத்துவரின் சீட்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். தெரிவிக்கவில்லை என்றால், அந்தப் பணத்தை மீட்பது சற்றுக் கடினம். பராமரிப்புத் தொகை மனு செய்த நாளிலிருந்து வழங்கப்பட வேண்டும் என்பது ரஜ்னேஷ் தீர்ப்பின் விதி. அதற்கு முன்பே செய்து முடித்த செலவைக் கேட்கலாம், உறுதியாகக் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நீட் பயிற்சி அப்படி ஆகிவிடக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன், பயிற்சி நிலையத்தின் கட்டண விவரத்தையும் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் இணைத்து, இருவருடைய பங்கையும் குறிப்பிட்டு, பதினைந்து நாளில் பதில் கேட்டு அவருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கடிதத்தில் பழைய கதை எதுவும் வேண்டாம். நாளை நீதிபதி படிக்கப்போகும் கடிதம் என்ற நினைப்போடு எழுதினால் தானாகவே சுருக்கமாக வந்துவிடும். மகள் மருத்துவம் படிக்க விரும்புகிறாளா என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்; இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, இயன்றவரை பிள்ளையின் விருப்பத்தையும் ஒட்டியே நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது.

பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ அதே 26-ஆம் பிரிவின்கீழ் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு செய்யலாம். விவாகரத்துத் தீர்ப்பாணைக்குப் பிறகும் பிள்ளைகளின் பராமரிப்பு, கல்வி குறித்த ஏற்பாட்டைப் புதிதாகச் செய்யவும் பழையதை மாற்றவும் அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. 2021-இல் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்தானே என்று யாராவது உங்களைத் தடுத்தால் தயங்க வேண்டாம். பராமரிப்பு பிள்ளையின் உரிமை, பெற்றோர் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டாலும் அதை விட்டுக்கொடுத்துவிட முடியாது. மனுவோடு சொத்து, வருமானம், கடன் விவரங்களை இருவருமே உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். எனவே உங்கள் சம்பளச் சீட்டையும் மறைக்காமல் வையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டால் அதைக் காலதாமதம் என்று எண்ணிவிட வேண்டாம். விகிதம், எந்தெந்தச் செலவு, எத்தனை நாளில் பதில், ரசீது வந்து எத்தனை நாளில் பணம், யார் பெயருக்குக் காசோலை என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வாங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தத் தாளில், அவருடைய நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகளின் பெயர் தொடர வேண்டும் என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள். விவாகரத்து ஆனதும் மனைவியின் பெயரை நீக்கும்போது கூடவே பிள்ளைகளின் பெயரையும் கவனக்குறைவாக நீக்கிவிட்டவர்கள் உண்டு. அது தெரிய வருவது மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் நிற்கும்போதுதான்.

மதிப்பிற்குரிய அம்மா, நான் கோவையில் சிறு தொழில் செய்கிறேன். ஒன்பது வயது மகள் தாயுடன் இருக்கிறாள். நீதிமன்ற உத்தரவுப்படி மாதம் 20,000 ரூபாயும் கல்விக் கட்டணத்தில் பாதியும் தருகிறேன். ஆண்டுக்கு 70,000 ரூபாய் கட்டணம் உள்ள பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவளை, இந்த ஜூன் மாதம் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் 2,60,000 ரூபாய் கட்டணம் உள்ள பள்ளிக்கு மாற்றிவிட்டு, ரசீதைப் படம் பிடித்து அனுப்பி 1,30,000 ரூபாய் கேட்கிறார். ஓட்டலில் வைத்த பிறந்தநாள் விருந்துக்கும் பாதி கேட்டிருக்கிறார். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை என்னிடம் அனுப்பவும் இல்லை. "பணம் வந்தால் பிள்ளை வரும்" என்கிறார். நான் எல்லாத் தொகையையும் நிறுத்திவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

நிறுத்த வேண்டாம், ஐயா. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நிறுத்திய மறு நாளே வழக்கின் தலைப்பு மாறிவிடும். இன்றைக்கு உத்தரவை மீறுபவர் உங்கள் முன்னாள் மனைவி. பணத்தை நிறுத்தினால் மீறுபவர்கள் இருவராகிவிடுவீர்கள். உங்கள் உத்தரவு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்கீழ், அதாவது 2024 ஜூலை 1-க்கு முன்பு பழைய சட்டத்தில் எல்லோரும் 125 என்று சொல்லிப் பழகிய பிரிவின்கீழ், பெற்றதாக இருந்தால், நிலுவையை வசூலிக்க ஆணை பிறப்பிக்கவும், அதன் பிறகும் கட்டாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

பள்ளிக் கட்டணத்தைப் பொறுத்தவரை, தகராறுக்கு இடமில்லாத பங்கை உடனே கட்டிவிடுங்கள். பழைய பள்ளியில் தொடர்ந்திருந்தால் உங்கள் பாதி 35,000 ரூபாய். அதை வங்கி வழியாகச் செலுத்திவிட்டு, "என் மகளின் கல்விக்கு நான் ஏற்கும் பங்கு இது, என்னைக் கேட்காமல் செய்த பள்ளி மாற்றத்தால் கூடிய தொகையை ஏற்பது குறித்து நீதிமன்றத்தின் விளக்கத்தை நாடுகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். கட்டணத்தில் பாதி என்று உத்தரவில் இருப்பதாலேயே, எந்தக் கட்டணமானாலும் பாதி என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. நியாயமான அளவுக்கும் ஆடம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை முதல் பதிலில் குறிப்பிட்டேன். அதே வேளையில், பள்ளியை மாற்றியதற்கு ஒரு காரணம் இருக்கவும் கூடும். பழைய பள்ளியில் பிள்ளைக்கு ஏதாவது தொல்லை இருந்ததா, வீட்டிலிருந்து தொலைவு கூடியதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நீதிபதியும் அதைத்தான் முதலில் கேட்பார், ஏனெனில் அவர் முன் எடைபோடப்படுவது உங்கள் இருவருடைய நியாயத்தையும் விட மகளின் நலன்தான். உங்கள் வருமானத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் சொல்லவில்லை. 1,30,000 ரூபாய் உங்களுக்கு உண்மையிலேயே கனமான தொகை என்றால் கணக்கு வழக்கோடு அதைக் காட்ட வேண்டியிருக்கும். தொழில் செய்பவர்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதை நீதிமன்றங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன.

பிறந்தநாள் விருந்துக்கு நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. அழைத்தவர் செலவு அது.

மகளைப் பார்க்கும் உரிமை தனி. பணம் கட்டினால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்று தாய் சொல்வதற்கும், பிள்ளையைக் காட்டினால்தான் பணம் என்று தந்தை சொல்வதற்கும் சட்டத்தில் இடம் இல்லை. மூன்று மாதமாக எந்தெந்த ஞாயிறு அனுப்பவில்லை என்று தேதி வாரியாகக் குறித்துக்கொண்டு, பார்வை நேர உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரித் தனி மனு செய்யுங்கள். அந்த மனுவில் பள்ளிக் கட்டணத்தை இழுக்காதீர்கள். மகள் வந்து போகும் நாளில் அவள் கையில் ரசீதையோ பதில் கடிதத்தையோ கொடுத்து அனுப்புவதும் வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை அந்த உறையைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், அதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மா, மகள் பெரியவளானதும் மதுரையில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். மூன்று லட்சம் ரூபாய் ஆனது. பிரிந்துவிட்ட கணவரிடம் பாதி கேட்க முடியுமா?
– வாசகி, மதுரை

கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. திருமணமாகாத மகளின் திருமணத்துக்கான நியாயமான செலவை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்புக்குள் சேர்த்திருக்கிறது. சடங்குச் செலவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. முன்கூட்டியே அவரும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். பந்திச் செலவைக் கணக்கில் காட்டும்போது மொய் நோட்டையும் கூடவே காட்டுவீர்களா? தாய்மாமன் சீரும் மொய்யும் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, மண்டப வாடகையை மட்டும் இரண்டு வீடாகப் பிரித்தால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அந்த இடத்தில்தான் கை வைப்பார். அரங்கேற்றம் போன்ற செலவுக்கும் இதே பதில்தான்: மாதந்தோறும் கட்டும் நடன வகுப்புக் கட்டணத்தைப் பகிரலாம், லட்சக்கணக்கில் செலவாகும் அரங்கேற்றத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வேண்டும்.

ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு, பணத்தை முன்னாள் மனைவியிடம் தந்தால் வேறு செலவாகிவிடுகிறது என்பதால், மகனின் பள்ளிக் கட்டணத்தை நானே பள்ளியில் கட்டிவிட்டு, அதை மாதத் தொகையில் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகர், நாகர்கோவில்

நேரடியாகப் பள்ளியில் கட்டுவது மிக நல்ல பழக்கம். நானே பல ஒப்பந்தங்களில் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். பள்ளி, மருத்துவமனை, பயிற்சி நிலையம் ஆகியவற்றுக்கான பங்கு அவரவர் கணக்கிலிருந்து நேராகப் போய்ச் சேர்ந்தால், "வாங்கிய பணம் எங்கே போனது" என்ற பேச்சே எழாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்துக்கான வரிச் சலுகையும் பணம் கட்டியவருக்கே கிடைக்கும். அதனால் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். ஆனால் உத்தரவில் மாதத் தொகை என்று ஒரு எண் இருக்கும்போது, நீங்களாக முடிவு செய்து அதில் கழித்துக்கொள்ளக் கூடாது. கழித்த தொகை நிலுவையாகவே கணக்கிடப்படும். நேரடியாகக் கட்டுவதை மாதத் தொகையின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம் என்று நீதிமன்றத்தில் ஒரு திருத்தம் பெற்றுக்கொண்டு பிறகு கழியுங்கள்.

வணக்கம் அம்மா, நான் சேலத்தில் தையல் தொழில் செய்கிறேன். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு வரும் சித்திரையில் பதினெட்டு வயது நிறைகிறது. "அதோடு என் கடமை முடிந்தது" என்று அவன் தந்தை சொல்லி அனுப்பிவிட்டார். அவர் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருக்கிறார். பொறியியல் கல்லூரிக் கட்டணத்தை நான் ஒருத்தி எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, சேலம்

சகோதரி, இந்த இடத்தில் சட்டம் உங்கள் பக்கம் முழுமையாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, மகன் மைனராக இருக்கும் வரைதான் பெற்றோரிடம் பராமரிப்புக் கோரலாம். திருமணமாகாத மகள், தன் வருவாயிலோ சொத்திலோ வாழ முடியாத நிலையில் இருந்தால் பதினெட்டுக்குப் பிறகும் கோரலாம். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு, கோவை வாசகருக்கான பதிலில் சொன்ன பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் வயது வரம்பில்லாத பாதுகாப்பு உண்டு. உடல்நலத்தோடு கல்லூரியில் படிக்கும் மகனுக்கு அப்படி ஒரு வரி எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. பதினெட்டு வயது நிறைந்த மறுநாள் ஒரு மாணவன் எங்கிருந்து சம்பாதித்துக் கல்லூரிக் கட்டணம் கட்டுவான் என்ற கேள்விக்கு நாடாளுமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே சித்திரைக்கு முன் இருக்கும் மாதங்கள் உங்களுக்கு மிக முக்கியமானவை. மகன் மைனராக இருக்கும்போதே, கல்விச் செலவுக்கான மனுவைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றையும் ஒருவர் தானாக ஒப்புக்கொள்ளத் தடை இல்லை. ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு, அது நீதிமன்ற உத்தரவின் பகுதியாகிவிட்டால் பிறகு அவரைக் கட்டுப்படுத்தும். "பட்டப்படிப்பு முடியும் வரை" என்று மட்டும் எழுதாமல், எட்டுப் பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணத்தில் இத்தனை பங்கு, விடுதிக்கு இத்தனை, தேர்ச்சி பெறாத பாடத்துக்கான மறுதேர்வுக் கட்டணம் யாருடையது என்பது வரை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் அதற்காக மீண்டும் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பங்கு பிரிப்பதற்கு முன், கிடைக்கும் உதவிகளையெல்லாம் கழித்துவிட்டு மீதியை மட்டும் பிரிப்பது முறை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மகளாக இருந்திருந்தால் அதே தொகை 'புதுமைப் பெண்' திட்டத்தில் வந்திருக்கும். உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் கல்லூரியில் இடம் பெறுபவர்களுக்கு அதனால் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. இவையெல்லாம் போக மீதிக்குக் கல்விக் கடன் தேவைப்பட்டால், பெற்றோரில் ஒருவரை இணைக் கடனாளியாகச் சேர்க்க வங்கிகள் கேட்கும். நிரந்தரச் சம்பளம் வாங்குபவர் அவன் தந்தை என்பதால், அவர் ரொக்கமாகத் தர மறுத்தாலும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதாகச் சமரச மையத்தில் ஒப்புக்கொள்ள வைக்க முடிகிறதா என்று பாருங்கள். நான் நடத்திய வழக்குகளில், மாதம் ஐயாயிரம் தர மறுத்த தந்தையர் அந்தக் கையெழுத்துக்கு இணங்கியது உண்டு. மனு எழுத வரும்போது மகனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் படித்துக்கொண்டிருப்பதற்கான சான்று, பழைய பராமரிப்பு உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். நகல் இல்லையென்றால் அதற்கான விண்ணப்பத்தை இந்த வாரமே நீதிமன்றத்தில் கொடுத்துவிடுங்கள், கைக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும்.